இன்னைக்குத் தொண்டை சரியில்லை

பாட வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான்.

"இன்னைக்குத் தொண்டை கொஞ்சம் சரியில்லக்கா."

ஒருவர் தொண்டையைப் பிடித்துக் காட்டிக்கொண்டே சொல்வார். இன்னொருவர் சொல்லிவிட்டு ஒப்புக்கு இருமுவார். கொளுத்தும் வெயிலில் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தவர் உண்டு. மருந்துக்கடையில் வேலை பார்த்த ஒருவர் இருமல் மருந்து பாட்டிலையே கொண்டுவந்து சாட்சிக்கு மேசைமேல் வைத்தார். பாடி முடித்ததும் அவள் "தேறும்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். அதே தொண்டை அந்த நொடியே குணமாகி, மாடிப்படி நெடுகப் பாடிக்கொண்டே இறங்கிப் போகும்.

அதனால் அவள் அந்தப் பேச்சை நம்புவதை எப்போதோ விட்டிருந்தாள். விருந்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு "ஒண்ணும் பெருசா செய்யல" என்பார்களே, அந்த மாதிரி ஒரு முகமன் அது.

"சரியில்லாத தொண்டையிலயே பாடுங்க. சரியான தொண்டைய வீட்டுல பத்திரமா வச்சிருங்க" என்பாள்.

வந்தவர் சிரித்துவிடுவார். சிரித்தால் தொண்டை இளகும். அதுவும் அவள் தொழிலில் சேர்த்திதான்.

என்ன தொழில் என்று யாராவது கேட்டால் அவளுக்கு முன்னால் அவள் கணவர் பதில் சொல்லிவிடுவார். அவர் குடிநீர் அலுவலகத்தில் குழாய் உடைப்புகளைக் கவனிக்கிற மேற்பார்வையாளர். "பாட்டு கேக்குற வேலை. நாம ஓசியில கேக்கறோம், இவளுக்கு அதுக்குச் சம்பளம்."

உண்மையில் அவள் பாட்டு கேட்க அந்தப் பாட்டுக் கம்பெனிக்குப் போகவில்லை. டயர்க் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில், பிரதி எடுத்த கேசட்டுகளில் இரைச்சல் இருக்கிறதா, எங்காவது நாடா இழுக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். நாள் முழுக்கக் காதில் ஹெட்போன். ஒருநாள் பெரிய முதலாளி அந்தப் பக்கமாகப் போனபோது, "சார், இந்தப் பாட்டு ஓடாது. ஆனா பின்னால கோரஸ் பாடுற மூணாவது ஆளைத் தனியாப் பாட வைங்க" என்றாள். கேசட்டில் பின்பாட்டுக் குரல் மூன்றையும் பிரித்துக் கேட்க முதலாளியால் முடியவில்லை. இருந்தாலும் அந்த மூன்றாவது ஆளை வரச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் கேசட்டில் இரைச்சல் தேடவில்லை. குரல் தேடினாள்.

ஆரம்பத்தில் ஆட்களைப் பார்த்துத்தான் கேட்டாள். அழகான பையன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடினான். இவளும் உருகித் தேறும் என்றாள். பதிவு வந்தது, கேட்டால் குரலில் ஒன்றுமே இல்லை. கண்ணை மூடியது மட்டும்தான் நன்றாக இருந்தது. அன்று சாயங்காலம் அவள் தன் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள். அதற்கப்புறம் யார் வந்தாலும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் பாட வேண்டும். "மூஞ்சி பாடாது" என்பாள். மூச்சு எங்கே எடுக்கிறார்கள், எந்த எழுத்தில் பயப்படுகிறார்கள், எந்த இடத்தில் பொய் சொல்கிறார்கள் என்பதெல்லாம் சுவரில் தெரிந்தது. பாட்டு அவளைப் பிடித்துக்கொண்டால் வலது கையின் ஒரு விரல் மட்டும் மெதுவாக உயரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படித்தான் அவளுக்குச் சுவரக்கா என்று பெயர் வந்தது. பாட வந்த புதியவர்கள் ஏதோ ஸ்வரத்தில் பெரிய ஞானம் உள்ளவள் போலிருக்கிறது என்று காலில் விழப் போனார்கள். "இது செங்கல் சுவரும்மா, எழுந்திரு" என்று சொல்லி அலுத்துப்போனாள்.

அவள் கண்டெடுத்த குரல்கள் ஊர் முழுக்க இருந்தன. முடிதிருத்துகிறவர் ஒருவர், விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவிய பெண் ஒருத்தி, பேச்சு திக்குகிற, பாட்டு திக்காத கணக்கு வாத்தியார் ஒருவர். கடைகளில் அவர்கள் குரல் கேட்கும்போது அவள் பேரம் பேசுவதை ஒரு நிமிடம் நிறுத்துவாள். கடைக்காரர்கள் விலை கட்டுப்படியாகவில்லை என்று நினைத்துக் குறைப்பார்கள்.

பெரிய முதலாளி காலமானார். மகன் வந்தார். அவரை எல்லோரும் சின்னவர் என்றார்கள். மரியாதை தெரிந்தவர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். ஒருநாள் அவளுடைய அறை வாசலில் நின்றுகொண்டு சுவர்களை அளக்கிற மாதிரி பார்த்தார்.

"இப்ப யாருக்கா ரூமைத் தேடி வந்து பாடுறாங்க? அவனவன் வீட்டுல இருந்தே போன்ல பாடிப் போட்டுடறான். எத்தனை லட்சம் பேரு பாத்தாங்கன்னு பக்கத்துலயே எழுதியிருக்கு. நம்ம தனியா ஒரு காது வச்சு என்ன பண்ண?"

"லட்சம் பேரு பாத்தாங்க. யாராவது கேட்டாங்களா?" என்றாள்.

அவர் சிரித்தார். "இந்த ரூமை எடிட்டிங்குக்கு எடுத்துக்கலாம்னு இருக்கேன். உங்களுக்கு வேற இடத்துல ஒரு டேபிள் போட்டுடலாம்."

வேறு இடம் என்றால் கணக்கர் பக்கத்தில். அங்கே சுவரே கிடையாது.

அன்றைக்கு அவள் நேரத்தோடு கிளம்பிவிட்டாள். பேருந்து நிலையத்தில் நடைமேடைத் தூணில் சாய்ந்து நின்றாள். மேலே தகர ஒலிபெருக்கி. எந்த ஊர்ப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நிலையத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை, அருகில் நிற்பவரிடம்தான் விசாரிப்பார்கள். அவளும் கேட்கவில்லைதான். ஆனால் "புறப்படும்" என்ற சொல்லில் அந்தக் குரல் நடுவே ஒருமுறை கீறிக்கொண்டு மறுபடி ஒட்டிக்கொண்டது. உரசியும் பற்றாத தீக்குச்சியைப் போல. அவளுடைய விரல் தானாக உயர்ந்தது.

அவள் பேருந்து வந்தது, நின்றது, போனது. அவள் தூணிலேயே நின்றாள்.

அறிவிப்புக் கூண்டு கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே ஒரு பெண், இருபது சொச்சம் வயது, ஒரு கையில் டீ, ஒரு கையில் கைக்குட்டை சுற்றிய மைக். கண்ணாடியில் வட்டமாக ஓட்டை. சுவரக்கா குனிந்து அதில் வாயை வைத்தாள்.

"பாடுவியாம்மா?"

"எந்த ஊருக்கு?"

"ஊருக்கு இல்ல. நீ பாடுவியான்னு கேட்டேன்."

அந்தப் பெண் டீயைக் கீழே வைத்தாள். "பேசிட்டு நிக்காதீங்க, உங்க பஸ் போயிடும்."

"அது போயி நேரமாச்சு."

அந்தப் பெண் சிரித்தாள். சிரிப்பிலும் அந்தக் கீறல் இருந்தது. "பாடுவேன் மேடம். ஆனா இப்பத் தொண்டை சரியில்ல."

"யாருக்குமே சரியில்ல" என்றாள் சுவரக்கா. "நாளைக்கு வா."

நிலையத்தில் ஓட்டுநர், நடத்துநர், பழக்கடைக்காரர் எல்லோரும் அந்தப் பெண்ணை மைக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். கம்பெனியிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. மறுநாள் மைக்கு வந்தாள். சுவரைப் பார்த்தபடி சுவரக்கா கேட்டாள். மேலே போகும்போது குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் யாரோ ஒருவருடைய முழு வாழ்க்கையும் தெரிகிற மாதிரி இருந்தது. வயதுக்கு மீறின துக்கம். எத்தனையோ வருடங்களாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது இதற்காகத்தான் என்று தோன்றியது.

"தேறும்" என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வர நேரமாயிற்று.

சுவரக்கா மைக்குவின் வீட்டுக்கும் போனாள். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிற அம்மா, ஒற்றை அறை, இரண்டு தையல் மிஷின், வெட்டிய நீலத் துணிகள் கட்டில் முழுக்க. அம்மா மிஷினை நிறுத்தாமலே பேசினாள்.

"பாட்டுன்னா அவளுக்கு உசிருதாம்மா. வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்ப வேணாம். அந்த பஸ் ஸ்டாண்டு மைக்கு ரிப்பேராகி வருஷக்கணக்காச்சு. புது மைக்கு கேட்டாத் தர மாட்டேங்கறாங்க. பஸ்ஸுங்க சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி இவளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. நல்லானதும் வந்து கேளுங்க."

"எனக்கு இதே பிடிச்சிருக்கும்மா."

மிஷின் நின்றது. அம்மா பல்லில் நூலைக் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இது அவ குரலே இல்லம்மா."

தாய்மார்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று சுவரக்கா எண்ணிக்கொண்டாள். பெற்றவளுக்குப் பிள்ளை ஒரு சுற்று இளைத்துத்தான் தெரியும், கொஞ்சம் கறுத்துத்தான் தெரியும்.

முதல் பாட்டு வெளிவந்தது. வீட்டுக்குத் திரும்பாத ஒருவரைக் கூப்பிடுகிற பாட்டு. டயர்க் கடையில் கேட்டது, முடிதிருத்தும் கடையில் கேட்டது, பேருந்து நிலையத்திலேயே பழக்கடை ரேடியோவில் கேட்டது. எல்லோரும் அந்தக் கீறலைப் பற்றித்தான் பேசினார்கள். மேடைகளில் பெண்கள் வேண்டுமென்றே தொண்டையைக் கரகரக்க வைத்துப் பாடிப் பார்த்தார்கள். சின்னவர் அறையை எடிட்டிங்குக்கு எடுக்கும் பேச்சை விட்டுவிட்டார். அதே அறைக்கு ஏ.சி. போட்டுக் கொடுத்து, "பத்து பாட்டு ஒரே தொகுப்பா போடறோம்க்கா. உங்க காதுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கணும்" என்றார்.

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஒலிப்பதிவாளரைத் தலையாட்டி என்பார்கள். யார் என்ன சொன்னாலும் ஆட்டுவார். ஐந்தாவது பாட்டின்போது அவர் தலை ஆடவில்லை.

"அக்கா, முதல் பாட்டு எடுத்த ஸ்ருதிக்கு இப்ப இந்தப் பொண்ணால வர முடியல. நான் ஒவ்வொரு பாட்டுக்கும் இறக்கி இறக்கி வைக்கிறேன்."

"கீழ இன்னும் நல்லாத்தானே இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு" என்றார். குமிழைத் திருகிக்கொண்டே, "ரொம்ப நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு" என்றார்.

அந்த வாரத்தில்தான் மைக்கு அம்மாவோடு மருத்துவரிடம் போய்விட்டு நேராகக் கம்பெனிக்கு வந்தாள். மாடிப்படியின் திருப்பத்தில் சுவரக்காவைப் பிடித்துக்கொண்டாள். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் நின்று நின்று வந்தது.

"குரல் நாண்ல சின்னதா கட்டியாம்க்கா. மிளகு அளவு. பயப்படற கட்டி இல்லையாம். சின்ன ஆபரேஷன். அப்புறம் ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாதாம். அதுதான் கஷ்டம், எங்கம்மா நம்பவே மாட்டேங்கறாங்க, நீயாவது ஒரு மாசம் பேசாம இருக்கறதாவதுன்னு."

"எடுத்துட்டா?"

"குரல் தெளிஞ்சிடும்னாரு."

சுவரக்கா படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "தெளிஞ்சிடும்னா... அந்தக் கரகரப்பு?"

"போயிடுமாம். அவரு சந்தோஷமாத்தான் சொன்னாரு" என்று சொல்லிச் சிரித்தாள் மைக்கு. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எடுக்காம இப்படியே பாடினா என்ன ஆகும்னு சொல்ல முடியாதாம். சில பேருக்கு ஒண்ணும் ஆகாதாம். சில பேருக்குக் குரலே போயிடுமாம். அம்மா நாளைக்கே போங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதத்தான்க்கா நான் செய்வேன். என் தொண்டைய எனக்கே எடுத்துக் காமிச்சது நீங்கதானே."

காற்றடிக்கிற சத்தம் வந்தது, நின்றது. சொல்ல வேண்டியது அவளுக்குத் தெரியும். மூளைக்குத் தெரியும். காது ஒப்புக்கொள்ளவில்லை. தெளிந்த குரல்களை அவள் வாழ்க்கை முழுக்கக் கேட்டிருக்கிறாள். தெளிந்த குரல் எத்தனை வேண்டும்? வரிசையில் நிற்கிறது. இந்தக் கீறல் ஒன்றுதான். அதோடு, அந்த அறை.

"இன்னும் அஞ்சு பாட்டுதானே" என்றாள். "முடிச்சுட்டு நிம்மதியாப் போயேன். நானே கூட வரேன்."

மைக்குவின் முகத்தில் ஒரு பாரம் இறங்கினது தெரிந்தது. "அப்பச் சரிக்கா" என்று இரண்டிரண்டு படியாக ஏறிப் போனாள்.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். அவர் உண்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து நின்றார்.

"டாக்டரு ஒண்ணு சொல்றாரு, நீ ஒண்ணு சொல்றே. உங்க ரெண்டு பேருல யாரு தொண்டைக்குப் படிச்சது?"

"பாட்டுக்கு நான் படிச்சிருக்கேன்."

"அந்தப் பொண்ணு உங்கிட்ட பாட்டப் பத்தியா கேட்டுச்சு?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் பின்னாலேயே வந்தார். "குழாயில கீறல் விட்டா நாங்க தண்ணிய நிறுத்திட்டுத்தான்டி ஒட்டுவோம். நிறுத்தலேன்னா அது ஒருநாள் தெருவையே பேத்துக்கிட்டு வரும்." அவருக்கு உலகத்தில் எல்லாமே குழாய்தான் என்று அவள் நினைத்தாள்.

எட்டாவது பாட்டு. அதுவும் வராத ஒருவரைக் கூப்பிடுகிற பாட்டுதான். மைக்கு அறைக்குள் வந்ததும், "இன்னைக்கு உண்மையிலேயே தொண்டை சரியில்லக்கா" என்றாள். சொன்னவிதம் ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் "உண்மையிலேயே" என்று சேர்த்துச் சொல்கிறவர்களையும் அவள் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று.

"சரியில்லாத தொண்டையிலயே பாடும்மா" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

பல்லவி நன்றாக வந்தது. சரணத்தில் குரல் ஏற ஏறக் கீறல் அகன்றது. சுவரில் இருந்த ஒரு பழைய ஆணியையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சத்தில் ஒரு சொல். அந்தச் சொல்லின் நடுவில் குரல் நின்றது.

என்ன ஒரு நிறுத்தம் என்று நினைத்தாள்.

அப்படியே நினைத்தாள். பாட்டில் இல்லாத நிறுத்தம். எந்தப் பாடகியும் நிறுத்தத் துணியாத இடம். கூப்பிடக் கூப்பிட வராதவருக்காக, கூப்பிடுவதையே விட்டுவிட்டது போல. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. விரல் உயர்ந்தது. வாத்தியங்கள் மைக்குவின் ஹெட்போனில் கசிந்துகொண்டே இருந்தன. மௌனம் நீண்டது. விரல் உயர்ந்தே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையாட்டி எழுந்து கதவைத் திறந்துகொண்டு ஓடி வருகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவள் திரும்பினாள்.

மைக்கு இரண்டு கைகளாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்திருந்தது. சொல்லை இன்னும் பாடிக்கொண்டுதான் இருந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

கட்டி இருந்த இடத்தில் இரத்தக் குழாய் உடைந்துவிட்டது என்றார் மருத்துவர். அறுவை நடந்தது. மௌன மாதம் ஒன்றல்ல, பல ஆயின. கட்டி போன இடத்தில் தழும்பு நின்றுவிட்டது. குரல் போனது போனதுதான். மருத்துவமனை வராந்தாவில் சுவரக்கா அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மா ஏசவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஏசியிருந்தால் எழுந்து போகாமல் இருந்திருப்பாள். நகர்ந்து இடம் கொடுத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வந்த ஏழு பாட்டோடு தொகுப்பு வெளியானது. நன்றாகப் போனது. எட்டாவது பாட்டையும் அந்த நிறுத்தத்தோடு போடலாம் என்று சின்னவர் மெல்லக் கேட்டுப் பார்த்தார். தலையாட்டி முதல்முறையாகத் தலையைக் குறுக்கே ஆட்டினார். அவரே அந்தப் பதிவை அழித்தும்விட்டார்.

சுவரக்கா அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் வேலைக்குப் போனாள். யாராவது வந்து "இன்னைக்குத் தொண்டை..." என்று ஆரம்பித்தாலே, "அப்ப வேணாம், வீட்டுக்குப் போங்க, சரியானதும் வாங்க" என்று சொல்லிவிடுவாள். வந்தவர்கள் வெலவெலத்துப் போனார்கள். "இல்லக்கா, சும்மா சொன்னேன், நல்லாத்தான் இருக்கு" என்று கெஞ்சினாலும் கேட்கமாட்டாள். இப்படியே எல்லோரும் பாடாமலே போனார்கள். சின்னவர் கோபிக்கவில்லை. கணக்கர் பக்கத்தில் மேசை போட்டார். அங்கே உட்கார்ந்து பார்த்தாள். பிறகு வேலையிலிருந்து நின்றுவிட்டாள்.

வீட்டில் இருந்தால் கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைத்தார். அக்கம்பக்கத்தில் அந்தப் பாட்டு ஒலித்தால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். "தூசி வருது" என்பார். நல்ல மனிதர். ஒருநாள் மட்டும் கேட்டார்.

"போயிப் பாத்துட்டு வரலாம்ல?"

"என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"மூஞ்சி பாடாதுன்னு நீதானே சொல்லுவ. சும்மா போ."

வெகு நாள் கழித்துத்தான் போனாள். மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். அதே ஒற்றை அறை, கட்டிலில் அதே நீலத் துணி. இரண்டாவது மிஷினில் மைக்கு உட்கார்ந்திருந்தாள். கை ஓடிக்கொண்டிருந்தது. இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஏதோ சொன்னாள். மிஷின் சத்தத்தில் காதில் விழவில்லை. அம்மா சட்டென்று தன் மிஷினை நிறுத்தினாள்.

"உக்காருங்கக்கா" என்றாள் மைக்கு மறுபடி. காகிதம் உரசுகிற அளவு சத்தம்.

சிறிது நேரத்தில் சுவரக்காவுக்கு அந்த வீட்டின் வழக்கம் புரிந்தது. மைக்குவின் உதடு அசைந்தால் அம்மாவின் கால் மிதிபலகையில் நின்றுவிடும். பேசி முடித்தால் மறுபடி ஓடும். பார்த்துச் செய்கிற மாதிரியே இல்லை. துணியில்தான் கண் இருக்கும். நாளெல்லாம் அந்த மிஷின் அப்படி நின்று நின்று ஓடியது. அதனால் தையல் பாதி வேலைதான் நடக்கும் என்பது கட்டிலில் குவிந்து கிடந்த துணியைப் பார்த்தாலே தெரிந்தது.

"இப்ப எனக்கு ரகசியம் மட்டும்தான்க்கா பேச வரும்" என்றாள் மைக்கு. "அதனால தெருவுல எல்லாரும் வந்து எங்கிட்ட அவங்க ரகசியத்தைச் சொல்றாங்க. நான் யாருகிட்ட போயிக் கத்தப் போறேன்? பக்கத்து வீட்டுக் கதையெல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு."

சுவரக்கா சிரிக்க முயன்றாள். சொல்ல வேண்டும் என்று வழி நெடுக அடுக்கிக்கொண்டு வந்ததெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. மைக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. போனைத் துழாவி எடுத்தாள்.

"உங்களுக்கு ஒண்ணு போட்டுக் காமிக்கணும்னு இருந்தேன். நம்ம பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர் ரிட்டயர் ஆனப்ப ஒரு விழா வச்சோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. அந்த மைக்கு அப்ப நல்லா இருந்துச்சு. எனக்கே தெரியாம அவரு பதிவு பண்ணியிருக்காரு. போனைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டே எடுத்திருக்காரு, படம் ஒண்ணும் தெரியாது. போன மாசம்தான் எப்படியோ கண்டுபிடிச்சு அனுப்பினாரு."

திரை கறுப்பாக இருந்தது. முதலில் துணி உரசுகிற சத்தம், யாரோ இருமியது, எங்கோ ஒரு பேருந்தின் ஹாரன். பிறகு ஒரு பெண் பாட ஆரம்பித்தாள்.

சுவரக்காவுக்கு யார் பாடுவது என்று முதலில் தெரியவில்லை.

கீறல் இல்லை. கரகரப்பு இல்லை. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிறைகிற மாதிரி, சத்தமே செய்யாமல் மேலே போய்க்கொண்டிருந்தது. எந்த இடத்தில் மூச்சு எடுத்தாள் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. எத்தனையோ பேருடைய மூச்சைப் பிடித்த காது அது. தெளிந்த குரல் வரிசையில் நிற்கிறது என்று நினைத்திருந்தாளே, அந்த வரிசையில் இப்படி ஒன்று ஒருநாளும் நின்றதில்லை. உச்சத்தில் போய், அங்கே வீடு இருக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, இறங்க அவசரமில்லாமல் இருந்தது. துக்கம் என்று தனியாக எதுவும் அதில் சேர்க்கவில்லை. கேட்கிறவர்தான் அதைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இது அவ குரலே இல்லம்மா என்று அம்மா அன்றைக்குச் சொன்னாள்.

அவள் விரல் உயரவில்லை. திருப்பிப் போட அங்கே நாற்காலியும் இல்லை. கட்டிலில் நீலத் துணிகளுக்கு நடுவே, மைக்குவுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். அதனால் பார்த்தாள். பாட்டோடு கூடவே மைக்குவின் உதடுகள் பாடிக்கொண்டிருந்தன. ஒரு சொல் பிசகாமல், ஓசையில்லாமல். கழுத்து நரம்பு எழுந்து தாழ்ந்தது. புருவம் உயர்ந்தது. பாடுகிற முகம் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. இத்தனை வருடத் தொழிலில் அவள் இப்போதுதான் அதைப் பார்க்கிறாள்.

மகளின் உதடு அசைவதைக் கண்டு அம்மாவின் மிஷின் நின்றிருந்தது. பாட்டு முடிகிறவரைக்கும் ஓடவில்லை.

துணி உரசும் சத்தம், கைதட்டல், யாரோ "டீ வந்தாச்சு" என்றது. பதிவு முடிந்தது.

மைக்கு போனை மடியில் வைத்துக்கொண்டாள். முதல்நாள் அறைக்குப் பாட வந்த பெண்ணின் அதே பதற்றம் கண்ணில் வந்துவிட்டது. அவளிடம் குற்றம் சாட்டுகிற எண்ணம் ஒரு துளியும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தேறுமாக்கா?"

ஒரே சொல். அந்தச் சொல்லைச் சொல்வதுதான் அவள் தொழிலாக இருந்தது. வாயைத் திறந்தாள். எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். மறுபடி திறந்தாள். மைக்கு காத்திருந்தாள். அம்மாவும் துணியிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தாள்.

"இன்னைக்கு..." என்றாள் சுவரக்கா. குரல் பிளந்து வந்தது. "இன்னைக்கு எனக்குத் தொண்டை சரியில்லம்மா."

அம்மா அதை நம்பினாள். கையிலிருந்த துணியை வைத்துவிட்டு, வெந்நீர் வைக்க எழுந்தாள்.